நாகர்கோவில்னு பேரு வச்சா ரெண்டு ஃபைல் ஆகும், தக்கலைனு வச்சா ஆகாது! பாட்டு கலெக்‌ஷனை வேற கம்ப்யூட்டருக்கு மாத்துறவங்க கட்டாயம் பாருங்க

[ஸ்க்ரீன்ல ஒரு ஃபோல்டர் திறந்திருக்கு]

மக்கா, இந்த ஃபோல்டரை நல்லா உத்துப் பாருங்க. "நாகர்கோவில் கச்சேரி"ன்னு ரெண்டு ஃபைல் கெடக்கு. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, ஸ்பேஸ் கூட மாறல. ஒரே ஃபோல்டருக்குள்ள ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கவே முடியாதுன்னு தானே நமக்கு சொல்லிக்குடுத்தாங்க? இப்ப கீழ வாங்க. தக்கலை ஒண்ணு தான் இருக்கு. குளச்சல் ஒண்ணு. மார்த்தாண்டம் ஒண்ணு. ஆனா தோவாளை ரெண்டு, கொட்டாரம் ரெண்டு, கொல்லங்கோடு ரெண்டு! ஏன்னு ஒரு நிமிஷம் வீடியோவ நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, விடை தெரிஞ்சா கமெண்ட்ல போட்டுட்டு அப்புறமா ப்ளே பண்ணுங்க.

கதைய சுருக்கமா சொல்லிடுறேன். எங்க மாமாகிட்ட 22,000 பாட்டு இருக்கு, மொத்தம் 210 ஜிபி. பாதிக்கு மேல சினிமா பாட்டு, அதெல்லாம் போனா திரும்ப வாங்கிக்கலாம். மீதியில முந்நூறு சொச்சம் ஃபைல் மாமா சின்ன வயசுல கோவில் கொடை விழாவுக்கெல்லாம் டேப் ரிக்கார்டர தூக்கிட்டுப் போயி வில்லுக்குப் பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணின வில்லுப்பாட்டு, கேசட்ல இருந்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டருக்கு ஏத்தினது. பாடின அண்ணாவிகள்ல பல பேரு இப்ப இல்ல. இது வேற எங்கயும் கெடைக்காது. அது ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டாப்ல இருந்துச்சு, எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தினதே 2014 ஏப்ரல்ல. இன்னொரு காப்பி மாமா பொண்ணோட பழைய மேக்புக்ல, அதுல அவ புதுசா சேத்த பாட்டும் உண்டு. ரெண்டையும் சேத்து லினக்ஸ் போட்ட புது மெஷினுக்கு கொண்டு போகணும், அவ்வளவு தான் வேலை.

யூஎஸ்பி 2.0 வழியா செகண்டுக்கு 35 எம்பி வேகம் கெடைச்சா 210 ஜிபிக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம், சின்ன சின்ன ஃபைலா இருந்தா இன்னும் இழுக்கும். டெஸ்க்டாப்ல இருந்து ஹார்ட் டிஸ்க்ல வந்துச்சு, மேக்ல இருந்து வைஃபை வழியா ஆர்சிங்க்னு ஒரு காப்பி பண்ற டூல்ல வந்துச்சு. முடிஞ்சதும் மாமா வந்து பாத்துட்டு, "மக்களே, எல்லாம் ரெண்டு ரெண்டா கெடக்கே, என்னத்த செஞ்ச?"ன்னு கேட்டாவ.

இப்ப விஷயத்துக்கு வருவோம், இந்த வீடியோவே இதுக்குத்தான்.

[கரும்பலகையில "கொ"ன்னு எழுதுறேன்]

சின்ன வயசுல "கொ" எப்படி எழுதினோம்? ஒரு கொம்பு, ஒரு க, ஒரு துணைக்கால். கம்ப்யூட்டர்ல அது ரெண்டு விதமா எழுதலாம், ரெண்டுமே சரின்னு யூனிகோடே, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு குடுக்குற பொது முறையே ஒத்துக்குது. ஒரு விதம், க போட்டு அதுக்குப் பின்னால கொம்பும் காலும் சேந்தே இருக்கிற ஒரே குறியீடு, ஆக மொத்தம் ரெண்டு. இன்னொரு விதம், க தனி, கொம்பு தனி, கால் தனி, ஆக மொத்தம் மூணு. கண்ணுக்கு ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு தான், பூதக்கண்ணாடி வச்சாலும் வித்தியாசம் தெரியாது. முதல் விதத்துக்கு என்எஃப்சின்னு பேரு, ரெண்டாவதுக்கு என்எஃப்டி.

தோவாளைக்கு வாங்க, புரியும். பூச்சந்தையில கட்டின பிச்சி மாலையா வாங்கலாம், இல்ல உதிரிப் பூவும் நாரும் தனித்தனியா வாங்கி வீட்ல வச்சு கட்டிக்கலாம். சாமி கழுத்துல போட்டுட்டா ரெண்டும் ஒரே மாலை தான். ஆனா கடைச் சீட்டுல ஒண்ணு ஒரு உருப்படி, இன்னொண்ணு ரெண்டு உருப்படி. லினக்ஸ் மாலைய பாக்காது, சீட்டைத்தான் பாக்கும்! ஃபைல் பேரை அது வெறும் பைட் வரிசையா தான் எடுத்துக்கும், வரிசை வேறன்னா அது வேற ஃபைல், முடிஞ்சது.

சரி, உதிரிப் பூவா பிரிச்சுப் போட்டது யாரு? பழைய மேக். ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்னு ஆப்பிளோட பழைய ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை, நீங்க எப்படி டைப் பண்ணி சேவ் பண்ணாலும் பேரை பிரிச்சுத்தான் உள்ள வைக்கும். விண்டோஸ் அப்படி இல்ல, நீங்க குடுத்தத குடுத்தபடி வச்சுக்கும், நாம சாதாரணமா டைப் பண்றது சேந்த வடிவம் தான். அதனால ஒரே பாட்டு விண்டோஸ்ல இருந்து கட்டின மாலையா வந்துச்சு, மேக்ல இருந்து உதிரியா வந்துச்சு. 2017-ல ஹை சியரா வந்தப்போ ஆப்பிள் ஏபிஎஃப்எஸ்னு புது ஃபைல் சிஸ்டத்துக்கு மாறிடுச்சு, அது குடுத்தத அப்படியே வச்சுக்கும்.

இப்ப அந்த ஊர் பேருங்கள பாருங்க. இந்த பிரியுற வேலை ஒ, ஓ, ஔ வரிசைக்கு மட்டும் தான். கோ, தோ, கொ, இதுல ஏதாவது ஒண்ணு பேர்ல இருந்தா ரெண்டாகும். நாகர்கோவில்ல கோ இருக்கு, தோவாளைல தோ இருக்கு, கொல்லங்கோட்டுல ரெண்டுமே இருக்கு. தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், சுசீந்திரம், பத்மநாபபுரம் எல்லாம் தப்பிச்சுது. எனக்கு இது தெரிஞ்ச ராத்திரி தூக்கமே வரல மக்கா, கன்னியாகுமரி மாவட்டத்து மேப்பை எடுத்து வச்சு ஊர் ஊரா சரி பாத்துட்டு இருந்தேன்! மாமாவோட வில்லுப்பாட்டு ஃபைல் அத்தனையும் "கொடை"ன்னு தான் ஆரம்பிக்கும், அதனால வந்து சேந்ததுல ஒண்ணு விடாம எல்லாமே ரெண்டாச்சு.

இதுல இன்னொரு சங்கதி. குறியீட்டை பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8ங்கிற முறையில தமிழ்க் குறியீடு ஒண்ணுக்கு 3 பைட். "கொடை" சேத்து எழுதினா 12 பைட், பிரிச்சு எழுதினா 15. வில்லுப்பாட்டுங்கிற ஒரு வார்த்தை மட்டும் 42 பைட், அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா 12ல முடிஞ்சிரும். லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட் தான் அளவு, அப்படின்னா தமிழ்ல 85 குறியீடு, அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா கணக்குல வரும். விண்டோஸ்ல பைட் கணக்கு இல்ல, 255 குறியீடு வரைக்கும் தமிழும் போகும், இங்கிலீஷும் போகும். எங்க மாமா பேரு வைக்கிறது எப்படின்னா, எந்த கோவில், எந்த ஊரு, எத்தனாவது நாளு, எந்தக் கதை, உடுக்கை யாரு, குடம் யாருன்னு முழுசா எழுதி வச்சிருப்பாவ. அது விண்டோஸ்ல ஜம்முனு இருந்துச்சு, லினக்ஸுக்கு வரும்போது பேரு ரொம்ப நீளம்னு எரர் காட்டி அந்த ஃபைலை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுச்சு. நம்ம மொழியில பேரு வச்சதுக்கு நமக்கு மூணுல ஒரு பங்கு இடம் தான்னா, எனக்கு இது நியாயமா படல. மெஷின் செய்யறவங்க தமிழ்ல பேரு வச்சு ஒரு தடவையாவது சோதிச்சுப் பாக்கணும்.

தீர்வு சொல்றேன். கான்வ்எம்வின்னு ஒரு டூல் இருக்கு, அது ஃபோல்டர் முழுக்க போயி பேரை எல்லாம் என்எஃப்சிக்கு மாத்திக் குடுக்கும். சும்மா ஓட்டினா எதையும் மாத்தாது, எது எது மாறும்னு காட்ட மட்டும் செய்யும், அத பாத்து திருப்தி ஆன பிறகு நோடெஸ்ட்னு சேத்து ஓட்டுங்க. ஏற்கனவே அந்தப் பேர்ல ஃபைல் இருந்தா மேல எழுதாம விட்டுடும், அது நல்லது, அந்த ஜோடிகள மட்டும் கேட்டுப் பாத்து ஒண்ணை எடுத்துருங்க. டூப்ளிகேட் தேடுற சாஃப்ட்வேரை மட்டும் நம்பாதீங்க, ஒரு எம்பி3ல டேக், அதாவது ஃபைலுக்குள்ளயே பாட்டோட விவரம் எழுதுற இடத்தை திருத்தியிருந்தா பாட்டு ஒண்ணா இருந்தாலும் ஃபைல் வேறன்னு தான் சொல்லும். இன்னும் காப்பியே பண்ணலன்னா ஆர்சிங்க்ல ஐகான்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, வர்ற வழியிலயே சேத்துக் குடுத்துரும். ஆனா மேக்கோட ரொம்ப நாளா வந்த ஆர்சிங்க் 2.6.9ல அது கெடையாது, 3.0 வந்த பிறகு தான் அந்த ஆப்ஷன், புதுசா இன்ஸ்டால் பண்ணிக்கங்க.

மத்தத வேகமா ஓட்டிடுறேன். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா போகாது, அதனால மொத்தத்தையும் ஒரே ஜிப்பா போட்டுக் கொண்டு போற யோசனை வேண்டாம், எக்ஸ்ஃபேட் போடுங்க, அது விண்டோஸ், மேக், புது லினக்ஸ் மூணுலயும் ஓடும். லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் பக்கம் போறவங்க பேர்ல கேள்விக்குறி, முக்காற்புள்ளி இருந்தா முதல்லயே எடுத்துருங்க.

ப்ளேலிஸ்ட்டை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். எம்3யூ ப்ளேலிஸ்ட்ங்கறது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேட்ல திறந்தா உள்ள பாட்டு இருக்காது, பாட்டு எங்க இருக்குன்னு முகவரி தான் இருக்கும். மாமாவோட "கொடை ராத்திரி" ப்ளேலிஸ்ட்ல எல்லாமே டி டிரைவ்னு ஆரம்பிச்சு பின்சாய்வு கோடா இருந்துச்சு, லினக்ஸ்ல டி டிரைவும் கெடையாது, கோடும் அந்தப் பக்கம் சாயாது. டெக்ஸ்ட் எடிட்டர்ல ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு டிரைவ் பேரை எடுத்துட்டு, கோட்டைத் திருப்பி, யூடிஎஃப்-8ல சேவ் பண்ணி, ப்ளேலிஸ்ட்டையும் பாட்டு ஃபோல்டர் பக்கத்துலயே வச்சா இனி எந்த மெஷினுக்குப் போனாலும் ஓடும். ஆனா ப்ளேலிஸ்ட்ல பேரு சேந்த வடிவத்துல இருந்து ஃபைல் பிரிஞ்ச வடிவத்துல இருந்தா அப்பவும் பாட்டைக் காணோம்னு தான் சொல்லும், அதனால பேரை திருத்தின பிறகு ப்ளேலிஸ்ட்ல கை வைங்க. ஐடியூன்ஸ்ல ஸ்டார் ரேட்டிங் போட்டவங்க கவனிங்க, ரேட்டிங்கும் எத்தனை தடவை கேட்டோம்ங்கிற கணக்கும் பாட்டு ஃபைலுக்குள்ள இல்ல, லைப்ரரி ஃபைல்ல இருக்கு, அதையும் காப்பி எடுத்து வைங்க.

எல்லாம் முடிஞ்சதும் பழசுல எத்தனை, புதுசுல எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, அதுக்கு முன்னால பழைய மெஷினை ஃபார்மட் பண்ண விடாதீங்க, யாரு அவசரப்படுத்தினாலும் சரி. எங்களுக்கு மூணு ஃபைல் கொறஞ்சுது. மூணும் நீளப் பேரு, மூணும் வில்லுப்பாட்டு. பேரை சுருக்கலாமான்னு மாமாகிட்ட கேட்டேன். "குடம் அடிச்சவன் பேரை எடுக்கவா சொல்லுக?"ன்னு திருப்பிக் கேட்டாவ. அப்புறம் தான் தோணுச்சு, எம்பி3 டேக்ல கமெண்ட்னு ஒரு இடம் இருக்கு, அதுக்கு 255 பைட் கணக்கு கெடையாது. ஃபைல் பேர்ல கோவிலும் வருஷமும் மட்டும் வச்சுட்டு மீதிய கமெண்ட்ல போடலாம்னு முடிவாச்சு. மாமா கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன், உடுக்கை, குடம், தாளம், கட்டை, பின்பாட்டு, கடைசியில மைக் செட் போட்டவரு பேரு வரைக்கும்.

[கமாண்ட் ரெண்டும் ஸ்க்ரீன்ல]

இத டிஸ்க்ரிப்ஷன்லயும் போட்டிருக்கேன், அப்படியே எடுத்துக்கங்க. உங்க ஊர் பேரு ரெண்டாகுமா ஆகாதான்னு கமெண்ட்ல சொல்லுங்க, வீட்ல பழைய கேசட் ஏத்தி வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா இத அவங்களுக்கு அனுப்புங்க மக்கா.