கிறிஸ்தவங்க குடிக்கலாமா: என் பதில் மாறினது எப்படி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்தவங்க குடிக்கலாமா கூடாதான்னு பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. முதல்லயே சொல்லிடுறேன், நான் குடிக்கிறதில்லை, இனிமே ஆரம்பிக்கிற ஐடியாவும் இல்லை, அதனால சர்ச்ல இருந்து யாரும் பதறிப்போய் போன் பண்ண வேண்டாம். ஆனா குடிக்கிறது பாவம், ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் பாவம்னு சண்டே ஸ்கூல்ல நானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டிருந்தேன் பாருங்க, அதை இப்போ சொல்றதில்லை. வேதம் அப்படிச் சொல்லலையே, நான் எப்படிச் சொல்றது?

குடியைத் திட்டுற வசனம் நிறையவே இருக்கு, இல்லைன்னு சொல்லலை. பேழையில இருந்து இறங்கின நோவா திராட்சத்தோட்டம் போட்டு, குடிச்சுட்டு, கூடாரத்துல துணி விலகிக் கிடந்தது ஆதியாகமம் 9லயே வந்துடுது. நீதிமொழிகள் 23ஐ வாசிங்க, கண்ணு சிவந்து போறது, காரணமே இல்லாம காயம், கடைசியில பாம்பு மாதிரி கடிக்கும்னு சொல்லிட்டு, அடி வாங்கினவனே எப்போ முழிப்பேன், திரும்ப அதைத்தான் தேடிப் போகணும்னு பேசுறான். வீட்ல ஒரு குடிகாரரோட வாழ்ந்தவங்களுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம்.

அதே வேதத்துலதான் சங்கீதம் 104ம் இருக்கு, மனுஷனோட இருதயத்தை மகிழ்ச்சியாக்குற திராட்சரசத்துக்காகவும் ஆண்டவரைத் துதிக்குது. உபாகமம் 14ல இன்னும் ஒரு படி மேல, தூரத்துல இருந்து வர்றவன் தசமபாகத்தை, அதாவது விளைச்சல்ல கர்த்தருக்குன்னு ஒதுக்குற பத்துல ஒரு பங்கை, காசாக்கிட்டு வந்து, ஆடோ மாடோ திராட்சரசமோ மதுபானமோ இஷ்டப்பட்டதை வாங்கி, கர்த்தரோட சந்நிதியில குடும்பத்தோட சாப்பிட்டு சந்தோஷமா இருன்னு இருக்கு. தசமபாகம் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன், இந்த வசனத்தை எடுத்து ஒருத்தர்கூட பேசினதில்லை!

உடனே ஒருத்தர் சொல்வார், அண்ணே அதெல்லாம் ஒயின் இல்லை, வெறும் ஜூஸ்தான்னு. இதுதான் எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. திராட்சைத் தோல்லயே ஈஸ்ட் இருக்கு, பிழிஞ்சு வச்சா தானா புளிக்க ஆரம்பிச்சுடும், நம்ம ஜெபம் பண்ணினாலும் நிக்காது. இஸ்ரவேல் தேசத்துல திராட்சை அறுவடை கோடை முடியுற நேரம், யூதர்களோட பஸ்கா பண்டிகை வர்றதோ அடுத்த வசந்தத்துல, நடுவுல ஆறு மாசம். பிரிட்ஜ் கிடையாது. அப்போ பஸ்கா சமயத்துல இயேசு சீஷர்களோட சாப்பிட்ட அந்தக் கடைசி ராப்போஜனப் பாத்திரத்துல என்ன இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. போதாததுக்கு 1 கொரிந்தியர் 11ல, கர்த்தருடைய பந்தியில, அதாவது அந்த ராப்போஜனத்தை நினைச்சு சபையில அப்பமும் ரசமும் பகிர்ந்துக்குற இடத்துல, ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் வெறியா இருக்கான்னு அப்போஸ்தலர் பவுல் திட்டுறார், ஜூஸ் குடிச்சு யாருக்கு வெறி ஏறும்?

அப்போ நம்ம பந்திக்கு ஜூஸ் எப்போ வந்துச்சு? 1869ல. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல வைன்லேண்ட்னு ஒரு ஊர், பேரைக் கவனிங்க, திராட்சைக்கொடி நிலம்னு அர்த்தம், அங்க தாமஸ் பிராம்வெல் வெல்ச்னு ஒரு பல் டாக்டர், மெதடிஸ்ட் சபைக்காரர், குடிக்கு ரொம்ப எதிரானவர். பிரான்ஸ்ல லூயி பாஸ்டர் சூடுபண்ணி நுண்ணுயிரைக் கொல்ற வித்தையைக் கண்டுபிடிச்சிருந்தாரே, அதை இவர் எடுத்து, திராட்சை ஜூஸை வடிகட்டி, பாட்டில்ல அடைச்சு, கொதிக்கிற தண்ணியில வச்சு எடுத்தார். ஈஸ்ட் செத்துப்போச்சு, ஜூஸ் ஜூஸாவே நின்னுச்சு. பந்திக்குக் கொடுக்கிறேன்னு சபைகள்கிட்ட போனா ஆரம்பத்துல பெருசா யாரும் வாங்கலை, பின்னாடி அவர் பையன் சார்லஸ் எடுத்து நடத்தினப்போதான் பிசினஸ் சூடு பிடிச்சுது, அவரும் பல் டாக்டர்தான், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில ஜனங்க குடிச்சுப் பார்த்தாங்க. அதாவது ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல சபை ஒயின்லதான் பந்தி நடத்துச்சு, திரும்பச் சொல்றேன், ஆயிரத்து எண்ணூறு வருஷம், பாட்டில் ஜூஸ் வந்தது அதுக்கப்புறம்தான்.

அதுக்காக அந்தக் காலத்து மதுவிலக்குக்காரங்களை முட்டாள்னு நான் சொல்லமாட்டேன். வேதகாலத்துல இல்லாத காய்ச்சி வடிச்ச சரக்கு மலிவா வந்து குடும்பம் குடும்பமா அழிச்சுது. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1743ல தன்னோட சங்கத்துக்குப் போட்ட விதியில அந்த மாதிரி ஸ்பிரிட் சரக்கைத்தான் தடுத்தார், 1832ல இங்கிலாந்து பிரஸ்டன்ல ஜோசப் லைவ்ஸியும் கூட இருந்தவங்களும் பீர் ஒயின்கூட வேண்டாம்னு கையெழுத்துப் போட்டாங்க. சம்பளம் வீட்டுக்கு வராம பிள்ளைங்க பட்டினி கிடந்ததைக் கண்ணால பார்த்தவங்க அவங்க. அந்த இரக்கம்தான் எனக்கு வேணும், அதை வசனத்துக்குள்ள திணிக்கிறதுதான் வேண்டாம்.

சரி, பாவம் இல்லைன்னா நீ ஏன் குடிக்கலைன்னு கேட்பீங்க. ஒயின் கொடுக்கிற ஒரு சர்ச்ல பந்தி நாள், என் பக்கத்துல குடியை விட்ட ஒரு தம்பி. கட்டைவிரல் அளவு கப்புங்க அடுக்கின தட்டு வந்துச்சு. ஒண்ணை எடுத்தான், மூக்குக்கிட்ட கொண்டுபோனவன் அப்படியே நின்னுட்டான், கப்பு விளிம்பு வரைக்கும் ஆடுது, சட்டையில ரெண்டு சொட்டு விழுந்துச்சு. திரும்ப தட்டுலயே வச்சுட்டு என்கிட்ட தள்ளினான். வெளியில வந்தப்புறம் கேட்டேன். "இவ்வளவு போதும்ணே, சாயங்காலம் நான் எங்க கிடப்பேன்னு எனக்குத் தெரியும்"னான். ரோமர் 14ல, உன் சகோதரன் இடறுவான்னா மாம்சமும் வேண்டாம் மதுவும் வேண்டாம்னு பவுல் எழுதினது இவனுக்காகத்தான். முன்னாடி என் பரிசுத்தம் கெட்டுடும்னு குடிக்காம இருந்தேன், இப்போ இவன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணும்னு குடிக்காம இருக்கேன்.

கருத்து மாறின சில நண்பர்கள் வேற மாதிரி, சுதந்திரம் கிடைச்சுடுச்சுன்னு கிளாஸோட போட்டோ போடுறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கலை. பவுல் தன்னோட சீஷன் தீமோத்தேயுவுக்கு வயித்துக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடின்னு எழுதினதையும், உடம்புக்கு நல்லதுன்னு அவங்க துணைக்குக் கூப்பிடுறாங்க. ஆனா மது புற்றுநோய் உண்டாக்கும்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லயே சொல்லிடுச்சு, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்னது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு நிமிஷம்தான்னு விரல் காட்டுறாங்க. பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு விலாவாரியா சொல்ல எழுதி வச்சிருந்தேன், சுருக்கமா, வேதத்துல இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க, அவங்களே ஒருநாள் உபாகமம் வாசிப்பாங்க. சர்ச் நடத்துறவங்களுக்கு ஒண்ணு, ஒயின் கொடுத்தா தட்டுல ஒரு வரிசை ஜூஸும் வைங்க, எது எதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, யாரும் கையைத் தூக்கிக் கேட்கிற நிலைமை வரக்கூடாது. அப்புறம் ரேகாபியர்னு ஒரு குடும்பம், தீர்க்கதரிசியே ஊத்திக்கொடுத்தும் குடிக்கமாட்டோம்னு சொன்னவங்க, எரேமியா 35, நேரம் முடிஞ்சுது, நீங்களே எடுத்து வாசிச்சுக்கோங்க. நன்றி, வணக்கம்.