செவுத்துக்கு அந்தப்பக்கம் கேட்ட ஜெபம்

நடுவர் அய்யாவுக்கும், ஆயரய்யாவுக்கும், ரெண்டு அணியிலயும் உக்காந்திருக்கற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அறுப்பின் பண்டிகை ஏலத்துல எடுத்த பூசணிக்காயை மடியில வெச்சுக்கிட்டே கேட்டுட்டிருக்கற சோமனூர், கருமத்தம்பட்டிச் சனத்துக்கும் வணக்கமுங்க. ஸ்தோத்திரமுங்க. நேரம் பத்து நிமிசம். விசயத்துக்கு வந்தர்றேன்.

"கவலையிலும் துன்பத்திலும் மனிதரைப் பெரிதும் தாங்குவது விசுவாசமா, முயற்சியா?" இதுதானுங்க தலைப்பு. நான் விசுவாசத்துக்குப் பேச வந்தவன். கொண்டுவந்த குறிப்பு நாலு பக்கம் இருக்குது. அதை மடிச்சு சட்டை ஜோப்புல வெச்சுட்டேன். எதிரணித் தலைவர் கடைசியா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போய் உக்காந்தாரு பாருங்க, அதுக்குப் பதில் சொல்லாம என்னால வேற பேச முடியாதுங்க.

என்ன சொன்னாரு? "முழங்கால் போட்டா முட்டிதான் தேயும், தறி ஓடாது!"

கைதட்டல் எப்படி! பின்னாடி பந்தல்ல நின்னவங்க விசில் அடிச்சாங்க. மோனையா இருந்துச்சு, தட்டுனீங்க, தப்பில்லை. ஆனா அண்ணா, எனக்கு ஒரு தேஞ்ச முட்டியை நல்லாத் தெரியுமுங்க. எங்கம்மாயி, எங்கம்மாவைப் பெத்தவங்க, அவங்களோட முட்டி.

எங்கம்மாயிக்கு எட்டு விசைத்தறி. கூலிக்கு நெசவு. நீளவாக்குல போற பாவு நூலும் குறுக்க ஓடற ஊடை நூலும் வாங்கிட்டு வந்து, ஓட்டிக் குடுத்து, மீட்டருக்கு இத்தனைன்னு கூலி வாங்கற பொழப்பு. தறிச் செட்டும் வீடும் ஒரே செவுரு. தறிக்காரங்க வீட்டுல பொறந்தவங்களுக்குத் தெரியும், அங்க ஆரும் மெதுவாப் பேச மாட்டாங்க. பேசினாக் கேக்காது. "சோறு வேணுமா?"ன்னு கேக்கறதையே ஊருக்குத் தண்டோரா போடற மாதிரிதான் கேப்பாங்க. அம்மாயி ஜெபமும் அந்தச் சத்தத்துலதானுங்க.

வெடியால நாலு மணிக்கு நூல் மூட்டைச் சாக்கை விரிச்சு முழங்கால் போடுவாங்க. பைபிள் படிக்கத் தெரியாது. பாட்டு ரெண்டு தெரியும். மத்ததெல்லாம் பேச்சு. எப்படிப் பேசுவாங்க?

"ஏனுங்க சாமி! நாந்தானுங்க. கரண்டு பில்லு வந்துருக்குதுங்க. மூணாந் தறியில இழை அறுந்துட்டே இருக்குதுங்க. பாவு பிணைக்கற பையன் நேத்தும் வரலீங்க. சீட்டுப் பணம் பத்தாந்தேதி கட்டோணுமுங்க. சின்னவனுக்கு இருமல் நிக்கலீங்க. பெரியவன் எங்கிட்ட எதையோ மறைக்கறானுங்க, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை கணக்கு ஒப்பிக்கற மாதிரி. ஒரு நாளும் வரிசை மாறாது. மொதல்ல கரண்டு பில்லு, அப்பறம் தறி, அப்பறம் சீட்டு, அப்பறம் புள்ளைங்க. தனக்குன்னு ஒண்ணும் வராது. கடைசியா, "போய்ட்டு வாரனுங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிப்பாங்க. ஆமென் கூட எங்கம்மாயிக்கு "போய்ட்டு வாரனுங்க"தான்.

இப்ப 2012-க்கு வாங்க. மறந்திருக்க மாட்டீங்க. ஒரு நாளைக்குப் பாதிப் பொழுதுக்கு மேல கரண்டு இல்லாம நம்ம தொழில் படுத்துக் கெடந்த வருசம். தறி நின்னுபோச்சு. ஊரே அமைதி. ஆனா அம்மாயி குரல் மட்டும் எட்டுத் தறி ஓடும்போது இருந்த அதே சத்தம்! பழகிப்போச்சுங்க. இருட்டுல, நாலு மணிக்கு, "ஏனுங்க சாமி!"ன்னு ஆரம்பிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும்.

செவுத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியம்மா. நம்ம சபை இல்லீங்க அவங்க. மாகாளியம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாம வெளக்குப் போடறவங்க. அவங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுருக்குது. ஒரு நாள் காத்தால ஒரு சொம்புல ஆடாதொடைக் கசாயம் கொண்டாந்து நிக்கறாங்க. "இந்தாங்கக்கா, பேரனுக்குக் குடுங்க. இருமல்தான?"

அம்மாயி வெலவெலத்துப் போயிட்டாங்க. "நான் ஆருகிட்டயும் சொல்லலியே!"

"நீங்க உங்க சாமிகிட்டச் சொன்னீங்க. எனக்கும் கேட்டுதுங்க."

சிரிக்கறீங்க. சிரிங்க. எதிரணி அண்ணன் இப்ப மனசுக்குள்ள என்ன நெனைக்கறாருன்னும் தெரியுது. "பாத்தியா, கசாயம் காச்சுனது மனுசிதான, வானத்துல இருந்தா வந்துச்சு?" நல்ல கேள்விங்க. அதே கதையைத் திருப்பி ஒருக்கா சொல்றேன், அந்தக் கண்ணோட பாருங்க.

எங்கம்மாயி ஆருகிட்டயும் கஷ்டம்னு வாய் தொறந்தவங்க இல்ல. நம்ம ஊரு மண்ணு அப்படி. ஒறம்பற வந்து "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா, கடன்ல கழுத்து வரைக்கும் நின்னாலும், "நல்லாருக்கறமுங்க"ன்னுதான் வரும். ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி பறந்தவனும் "நல்லாருக்கறமுங்க". நூல் வெலை ஏறிக் கையக் கடிச்சவனும் "நல்லாருக்கறமுங்க". கௌரவம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி எத்தனை பேரு உள்ளுக்குள்ள வெந்து போயிருக்கறாங்கன்னு இந்தப் பந்தல்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடாச்சும் தெரியும். எனக்கு ரெண்டு தெரியும்.

எங்கம்மாயி அப்படி வேகலை. ஏன்? தெனமும் நாலு மணிக்கு வாய் தொறக்க ஓரெடம் இருந்துச்சு. பக்கத்து வீட்டுல போய்க் கேக்கக் கூச்சப்பட்ட வாய், சாமி முன்னாடி மட்டும் தொறந்துச்சுங்க. தொறந்ததுனாலதான செவுரு தாண்டிக் கேட்டுது? கேட்டதுனாலதான கசாயம் வந்துச்சு? முழங்கால் போடாம இருந்திருந்தா, அந்தப் பெரியம்மாவுக்கு எந்தக் காது கேட்டிருக்கும்?

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதறாரு: "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்." அத்தோட விட்டாரா? "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." தெரியப்படுத்துங்கன்னா வாயத் தொறங்கன்னுதானுங்க அர்த்தம். கால நீட்டிக்கிட்டு எழுதுன கடுதாசி இல்ல அது. காவல்ல கட்டுண்டு கெடந்து எழுதினது. எழுதினவரு சோம்பேறியும் இல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தைப் பாருங்க, கூடாரம் பண்ற தொழிலாளி. நம்ம தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்.

எதிரணியில அந்தத் தங்கச்சி மத்தேயு 6-ஐ எடுத்துப் பேசுச்சு. "காட்டுப்புஷ்பங்கள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லைன்னு இயேசு சொன்னாரு, திருப்பூர்லயும் சோமனூர்லயும் நூக்காம இருந்தா ஒலகத்துக்கு உடுப்பேது"ன்னு கேட்டுச்சு. அம்மிணி, நூக்கறதுமில்லைன்னு பூவைப் பத்திச் சொன்னாரு. நம்மகிட்ட நூக்காதேன்னு சொல்லலை, கவலைப்படாதேன்னு சொன்னாரு. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்"னு அதே அதிகாரம் முடியுது. பாடு இருக்குதுன்னு அவரே ஒத்துக்கறாரு. நாளைக்கு உண்டான பாட்டையும் இன்னைக்கே தூக்காதேங்கறாரு. அவ்வளவுதான்.

திரும்ப முட்டிக்கு வர்றேன். பதில் சொல்லாம விட மாட்டேன்னு சொன்னேன்ல!

எருசலேம் சபையை நடத்தினவரு யாக்கோபு, ஆண்டவரோட சகோதரன்னு வேதம் சொல்றவரு. அவரு சனங்களுக்காக முழங்கால்லயே நின்னு ஜெபம் பண்ணிப் பண்ணி, முட்டி ரெண்டும் ஒட்டகத்து முட்டியாட்டக் காச்சுப்போச்சுன்னு 2-ஆம் நூற்றாண்டுல எகெசிப்புங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினதை, பின்னால யூசேபியுங்கற ஆயர் தன்னோட சபை வரலாறுல எடுத்துப் போட்டிருக்கறாரு. முட்டி தேஞ்சவங்கள்ல மொத ஆளு அவருதான். அண்ணா, அந்த யாக்கோபு பேருல இருக்கற நிருபத்துல என்ன இருக்குது தெரியுங்களா? "ஆவியில்லாத சரீரம் செத்ததாயிருக்கிறதுபோல, கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது."

முட்டி தேஞ்ச மனுசன்தான் வேலை செய்யச் சொல்றாரு!

எங்கம்மாயியும் "போய்ட்டு வாரனுங்க"ன்னு எந்திரிச்சு நேரா எங்க போவாங்க? செட்டுக்குள்ள. தார்க் குச்சியில ஊடை நூல் சுத்துவாங்க. மூணாந் தறிக்கு அடியில குனிஞ்சு அறுந்த இழையைத் தேடுவாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும். சாமிகிட்டச் சொல்லியாச்சேன்னு ஒரு நாள் தறியை நிறுத்திப் படுத்ததில்லை. பாரத்தை எறக்கி வெச்சுட்டு வந்த கை, வேகமா ஓடுமுங்க. தேஞ்ச முட்டியாலதான் எட்டுத் தறியும் ஓடுச்சு. அண்ணன் சொன்ன மோனையை நான் இப்படித் திருப்பி வெச்சுக்கறேன்.

(மணி)

அய்யா, மொத மணிதான். கேட்டுதுங்க. இன்னும் ஒண்ணு இருக்குது. இது வாதம் இல்லீங்க. இதுக்கு மார்க்குப் போட வேண்டாம்.

2021, மே மாசம். தமிழ்நாட்டுலயே தெனத் தொற்று நம்ம கோயமுத்தூர்லதான் எச்சுன்னு டிவியில சொல்லிட்டிருந்த வாரம். எங்க மாமா. அம்மாயி வேண்டிக்கிட்டாங்களே இருமல் நிக்கலைன்னு, அந்தச் சின்னவனோட அப்பா. அம்மாயி ஜெபத்துல வர்ற அந்தப் "பெரியவன்" இவருதான், அம்மாயிக்கு மூத்த மகன். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரு, வீட்டுக்கு வரலை. நேரா கல்லறைத் தோட்டம். மூஞ்சி பாக்க விடலை. நாலு பேரு தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு எறக்குனாங்க. ஆயரு தூரத்துல நின்னு வாசிச்சது காத்துல பாதிதான் கேட்டுது.

துக்கம் விசாரிக்க ஆரும் வரலீங்க. வர முடியாது. ஊரடங்கு. நம்ம பக்கம் ஒரு சாவு விழுந்தா எத்தனை பேரு வருவாங்க! கட்டில் போட்டு, திண்ணையில உக்காந்து, ஒண்ணும் பேசாமயாச்சும் உக்காந்திருப்பாங்களே. யோபுவோட சிநேகிதருங்க ஏழு பகல் ஏழு ராத்திரி தரையில கூட உக்காந்தாங்களே, அதுகூட எங்கம்மாயிக்குக் கெடைக்கலை.

மறுநாள் வெடியால நாலு மணிக்கு நாங்க முழிச்சுக் கெடந்தோம். சத்தம் வரலை. சாக்கு சுருட்டின மேனிக்கு மூலையில கெடக்குது. அடுத்த நாளும் இல்லை. தறிக்காரங்க வீட்டுல தறி நின்னாத்தான் தூக்கம் கலையுமுங்க, ஓடும்போது நல்லாத் தூங்குவோம். தறியும் நின்னுபோச்சு, அம்மாயியும் நின்னுட்டாங்க. ஒம்பது நாளு. சோறு வெச்சா ரெண்டு வாய். பேச்சு இல்லை. அழுகையும் இல்லை. எங்கம்மா பயந்துட்டாங்க.

விசுவாசம் போயிடுச்சோன்னு நானும் நெனைச்சனுங்க. இப்ப அப்படித் தோணலை. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ன்னு படகுல கூட இருந்த சீஷருங்களே கேட்டாங்க. சிலுவையில அவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேட்டாரு. கேக்கக்கூடச் சத்து இல்லாத நாளும் வருமுங்க மனுசனுக்கு.

பத்தாம் நாள். நாலு மணி. செவுத்துக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு சத்தம்.

"ஏனுங்க சாமி!"

நாங்க எல்லாரும் எந்திரிச்சு உக்காந்துட்டோம். அம்மாயி குரல் இல்லை. அந்தப் பெரியம்மா. செவுத்து மேல கைய வெச்சு நிக்கறாங்கன்னு குரல்லயே தெரியுது.

"நான் இந்தப்பக்கத்து வீட்டுக்காரிங்க. உங்களை எனக்குப் பழக்கமில்லை. இந்தக்கா தெனமும் சொல்றதைக் கேட்டுருக்கறேன். அவங்க இப்ப பேச மாட்டேங்கறாங்க. அதனால நான் சொல்றனுங்க. கரண்டு பில்லு வந்துருக்குதுங்க. மூணாந் தறியில இழை அறுந்துட்டே இருக்குதுங்க. பாவு பிணைக்கற பையன் வரலீங்க. சீட்டு பத்தாந்தேதி கட்டோணுமுங்க..."

வரிசை மாறலீங்க. ஒண்ணுகூட விட்டுப் போகலை. "பெரியவன்..."ன்னு வந்த எடத்துல மட்டும் நின்னுபோச்சு. அந்தப்பக்கம் விசும்பற சத்தம்.

பேதுரு எழுதினாரு, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்"னு. ஆரும் துக்கம் விசாரிக்க வர முடியாத ஊரடங்குல, ஒரு செவுத்துக்கு அந்தப்பக்கம் இருந்து எங்கம்மாயியை விசாரிச்சது ஆருன்னு எங்களுக்குத் தெரியுமுங்க.

(மணி)

முடிச்சர்றனுங்க அய்யா. அம்மாயி மெதுவா எந்திரிச்சாங்க. சாக்கை விரிச்சாங்க. செவுத்தைப் புடிச்சுட்டு அந்த முட்டியை மடக்கி உக்காந்தாங்க. பத்து நாளைக்கு அப்பறம் அவங்க வாயில இருந்து வந்த மொத வார்த்தை, எட்டுத் தறிச் சத்தத்துல:

"கரண்டு பில்லு இல்லடி! தறியே ஓடலை. தறிக்குண்டான 750 யூனிட்டு இலவசத்துக்குள்ளயே நின்னுருக்கும். அதை விட்டுப்போட்டு மீதியைச் சொல்லு. நானும் சொல்றேன்."