தலைவரைத் தெரிவு செய்வது யார்?

தலைமை வகிக்கும் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, குருக்கள் ஐயா, அருட்தந்தை, மௌலவி அவர்களே, நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்த தாய்மாரே, இளைஞர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய வாசிகசாலைத் தலைவருக்கும், ஒலிபெருக்கியை இரண்டு தரம் சரிசெய்து தந்த தம்பிக்கும் நன்றி. யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் பேச வந்தேன். கட்சித் தலைவரைத் தெரிவு செய்வது யார், இறக்குவது யார்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் கட்சியில் 1965 வரை தலைவருக்குத் தேர்தலே கிடையாது. பெரியவர்கள் சிலர் கலந்து பேசுவார்கள், ஒரு பெயர் வெளியே வரும். 1963இல் டக்ளஸ்-ஹியூம் வந்தது அப்படித்தான். 1965இல் எம்.பி.க்கள் வாக்களித்து எட்வர்ட் ஹீத்தைத் தெரிவு செய்தார்கள். அந்த எம்.பி.க்களின் வாக்குத்தான் 1975இல் அவரை இறக்கி மார்கரெட் தாட்சரை ஏற்றியது. சாதாரண உறுப்பினரின் கைக்கு வாக்கு வந்தது 1998 விதி மாற்றத்துக்குப் பிறகு. 2022இல் உறுப்பினர்கள் தெரிவு செய்த லிஸ் ட்ரஸ் பிரதமர் பதவியில் 50 நாள் தாண்டவில்லையே என்று கேட்பீர்கள். சரி, உறுப்பினர்கள் முன் வந்த கடைசி இருவரில் ஒருவராக அவரை நிறுத்தியது எம்.பி.க்கள்தானே? வடம் அறுந்தது என்று தேரைக் கொட்டிலில் பூட்டுவதா?

இனி என் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக் கதை. நான் பதினேழு வயதுப் பொடியன், கூட்டக் குறிப்பு எழுதப் போயிருந்தேன். வருஷா வருஷம் கைதூக்கித்தான் தெரிவு. தலைவராக இருந்த கரைவலை முதலாளி முன்கதிரையிலிருந்து திரும்பிப் பார்ப்பார், அத்தனை கையும் எழும்பும். அவருடைய வலையை இழுத்துத்தானே எல்லார் வீட்டு அடுப்பும் எரிந்தது. அந்த வருஷம் கருவாடு போடும் ஆச்சி ஒருவர் எழும்பி, “தம்பி, கொப்பியிலே தாள் கிழி” என்றார். கிழித்தேன். பிஸ்கட் டின் மூடியில் மீன் வெட்டும் கத்தியால் ஓட்டை போட்டார்கள். எழுதத் தெரியாதவர் கோடு போட்டால் போதும்: பழையவருக்கு ஒன்று, புதியவருக்கு இரண்டு. ஒவ்வொருவராகக் கதவுக்குப் பின்னால் போய் வந்தார்கள். ஒரு கிழவர் தாளைப் போட்டுவிட்டு டின்னைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். 53 தாளில் 38இல் இரண்டு கோடு. முதலாளி ஒன்றும் பேசவில்லை. தாள்களைத் தானும் ஒரு தரம் எண்ணிவிட்டு, சங்கச் சாவிக்கொத்தைப் புதுத் தலைவரின் கையில் வைத்தார். முந்திய வருஷங்களில் தூக்கிய கைகளும் இந்த மனிதர்களுடையவைதான். கண்ணுக்கு மறைவாக ஒரு கோடு போட இடம் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் திருகோணமலையில்தான் 2024 ஜனவரி 21ஆம் திகதி தமிழரசுக் கட்சி தன் தலைவருக்காக வாக்கெடுப்பு வைத்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. 1949இல் தொடங்கிய கட்சி அது. அந்த வாக்கெடுப்பை மனதார வரவேற்கிறேன். ஆனால் வாக்களித்தவர்கள் பொதுச்சபை உறுப்பினர்கள். கிளையில் சுவரொட்டி ஒட்டிய பிள்ளை முடிவைச் செய்தியில்தான் பார்த்தது. ஊர் கூடவில்லை, ஊரின் பெயரில் சிலர் வடம் பிடித்தார்கள்.

அதனால்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் உறுப்பினர் பட்டியல் கிளைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தலைவருக்கான இரகசிய வாக்கு வேண்டும். மீனவர் சங்கத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் இதையே கேட்கிறேன்.

அதிபர் ஐயா மணி அடித்துவிட்டார். வாசல் மேசையில் மனுக் கொப்பி இருக்கிறது, பேனை இரண்டு கட்டி வைத்திருக்கிறேன். மூதூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள்.