பதறாத காரியம் சிதறாது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்து சிறப்பித்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, வெடிபொருள் துறை அதிகாரி அவர்களே, தொழிற்சாலை ஆய்வாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டுப் பின்னால் அமர்ந்திருக்கும் மூத்த உற்பத்தியாளர்களே, அச்சகத்து நண்பர்களே, கடைசி வரிசையில் நிற்கும் போர்மேன்களே! தம்பி, அவர்களுக்கு நாலு நாற்காலி போடுங்கள். இன்றைக்கு என் பேச்சே அவர்களிடம்தான்.

மூன்று விஷயம் பேச நினைத்து வந்தேன். சிவகாசிக் குடும்பங்கள் இந்தத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை வளர்த்த கதை, லேபிள் அச்சடித்தே ஓர் ஊர் பிழைத்த கதை, வெடிமருந்து கலக்கும் மருந்து அறைக்குள் நடக்கும் கதை.

முதல் கதை 1922இல் தொடங்குகிறது. மானாவாரி பூமி, மழையை நம்பி விதைத்தால் கடன்தான் விளையும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் உறவுமுறைச் சகோதரர்கள். இருவரும் ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள! எட்டு மாதம் அங்கே இருந்தார்கள் என்பார்கள். ஒரு குச்சியைச் செய்ய எட்டு மாதமா என்று இங்கே சிரிப்பது கேட்கிறது. ஐயா, குச்சி முனையில் இருப்பது குளோரேட், பெட்டி ஓரத்தில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் அரைக்கிற இடத்திலேயே சேர்ந்தால் அப்புறம் அறை இருக்காது. பசையின் பதம் இளகினால் முனை வழியும், இறுகினால் உதிரும். அவசரப்பட்டுக் கற்கிற பாடமா இது? பதறாத காரியம் சிதறாது!

1923இல் ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள். கட்டுப்படியாகவில்லை. கௌரவம் பார்த்துக்கொண்டு உட்காராமல் கைவேலைக்கு மாறினார்கள். அதே 1923இல்தான் சுவீடன் முதலாளிகளின் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியும் இந்தியாவில் கடை விரித்தது. அவர்களிடம் இயந்திரமும் மூலதனமும் இருந்தன, நம்மிடம் கை இருந்தது. 1926இல் சகோதரர்கள் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அணில் மார்க், மற்றவருக்குக் காக்கா மார்க். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் “காக்கா பெட்டி குடுங்க” என்று கேட்டு வாங்கலாம் பாருங்கள்! பட்டாசுக்கு வந்தபோதும் அந்தப் புத்தி போகவில்லை. காளீஸ்வரி கம்பெனிக்குச் சேவல், ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு மயில். இந்த ஊரின் விலங்குக்காட்சிச் சாலையே அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. உரிமமும் தனித்தனி அறையும் கட்டாயமாயின. போரினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றது. 1942இல் ஸ்டாண்டர்டு தொடங்கியது. கந்தகமும் குளோரேட்டும் ஏற்கெனவே கையில் பழகிய ஊர், கம்பி மத்தாப்புக்கும் சரவெடிக்கும் தாவியது ஆச்சரியமில்லை. மழை குறைவான ஊரின் வெயில், சரக்கைக் காய வைக்கும் மேடைக்கு வரப்பிரசாதம். விவசாயத்தைக் கெடுத்த வெயில்தான் தொழிலைக் கொடுத்தது.

லேபிள் கதையை அச்சகத்து நண்பர்கள் மன்னிக்க வேண்டும். தலைவர் கடிகாரம் பார்க்கிறார். மருந்து அறைக்கு வருகிறேன்.

கரிமருந்தில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆளைக் கொல்வது கணக்கல்ல, மீதி மருந்து. சாயங்காலம் வேலை முடிகிறது, தட்டில் இரண்டு கிலோ மிஞ்சுகிறது. நாளைக்கு ஆகும் என்று மூடி வைக்கிறார்கள். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் உள்ள கலவை இரவு ஈரத்தை இழுக்கிறது. உள்ளே வினை நடக்கிறது, சூடு ஏறுகிறது. காலையில் தட்டை நகர்த்தும் சின்ன உராய்வு போதும். ஈரக் கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையைத் தடுக்கத்தான். சில்லறைக் காசு மிச்சம் என்று அதை விடுகிறவர்களும் உண்டு.

சரக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சலிக்க வேண்டும். ஒரே சல்லடையில் வெடியுப்பையும் கந்தகத்தையும் சலித்தால் சல்லடையே திரியாகிவிடும். இரும்புக் கரண்டி கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், நைலான் சேலை கூடாது. உள்ளே போகும் முன் வாசல் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தை இறக்க வேண்டும். தகட்டில் பெயின்ட் பூசிப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டு என்ன பயன்?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், பச்சை நிறம் தரும் பேரிய உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டதும் கைபழகிய கலவைகள் மாறின. புதிய கலவைக்குப் பழைய கைப்பக்குவம் உதவாது. போர்மேனுக்குப் பயிற்சி வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான். பதறாத காரியம் சிதறாது!

இதற்கெல்லாம் தாய் ஒன்று உண்டு: உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் ஆளுக்கொன்றாகப் பலர் கையில். அவரவர் கலவை, அவரவர் அவசரம். மாவட்ட உரிமத்தில் ஒரு நேரத்தில் 15 கிலோதான் என்றால், ஆறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் வைத்தாலே கணக்கு எங்கே போகும்? நாலு பேர் அறையில் பத்துப் பேர், இடம் பத்தாமல் மரத்தடியில் மருந்து செலுத்தும் வேலை. ஓர் அறையில் பொறி பறந்தால் அடுத்த அறைக்குத் தாவாமலிருக்க நடுவில் விட வேண்டிய இடைவெளி முழுக்கச் சரக்கு அடுக்கியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து. விளக்க வேண்டியதில்லை.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள், பொறுப்பை வாடகைக்கு விடவில்லை. ஆகவே தீர்மானம் ஒன்று முன்மொழிகிறேன்: உள்குத்தகைக்கு அறை விடுபவரைச் சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது, ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் தராசும் மீதி மருந்துக் குறிப்பேடும் வைப்பது, மாலையில் குறிப்பேட்டில் பூஜ்யம் எழுதி போர்மேன் கையெழுத்துப் போட்ட பிறகே கேட்டைப் பூட்டுவது. வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள். முதல் வரிசையிலும்தான் கேட்கிறேன்.