தரை டிக்கெட் வாங்கியவனை எந்தப் பக்கத்தில் தேடுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பழைய சென்னை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதில் பொழுதைக் கழித்தார்கள் என்று அந்நாளைய நாளிதழ்களில் தேடுகிறவருக்குக் கைகொடுப்பவை தலைப்புச் செய்திகளா, சிறு பத்திகளா என்பது இன்றைய கேள்வி. சிறு பத்திகள் என்றால் கடை விளம்பரம், நாடக அறிவிப்பு, ரேடியோ நிகழ்ச்சி நிரல், வாசகர் கடிதம், 'வீடு வாடகைக்கு', 'மணமகள் தேவை' எல்லாம்தான். கைகொடுப்பவை அவையே என்று சொல்ல எழுந்திருக்கிறேன்.

விளம்பரங்கள் செய்தித்தாளின் ஓரத்தில் ஒண்டிக் கிடந்தவை என்றார் எதிரணித் தலைவர். ஓரத்திலா? 1878இல் வெறும் 80 பிரதிகளோடு வார இதழாகத் தொடங்கி 1889இல் நாளிதழான 'தி இந்து', 1958 ஜனவரி வரை தன் முதல் பக்கத்தை விளம்பரங்களுக்குக் கொடுத்திருந்தது. லண்டனின் 'தி டைம்ஸ்' 1966 வரை அப்படித்தான் வந்தது. செய்தியைப் படிக்க வேண்டுமானால் உள்ளே புரட்ட வேண்டும். அந்த ஆசிரியர்களுக்குச் செய்தியின் அருமை தெரியாது என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்? வருமானத்துக்காகச் செய்தார்கள் என்று எதிரணி பதில் சொல்லும். ஆம், வருமானத்துக்காகத்தான். அதைத்தான் நானும் சொல்கிறேன். தலைப்புச் செய்தியை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். சிறு பத்தியை ஊரார் தங்கள் கைக்காசைக் கொடுத்து எழுதினார்கள். தன் கடையை, தன் நாடகத்தை, தன் மகளின் திருமணத்தைப் பற்றி ஒருவர் காசு கொடுத்துச் சொல்கிறார் என்றால், அன்றைக்கு அவருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

எதிரணியின் முதல் பேச்சாளர் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1914 செப்டம்பர் 22 இரவு அது குண்டு வீசியது, துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அது ஓர் இரவு. மின்சார டிராம் சென்னையில் 1895இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1913இல் மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் வந்தது. எம்டன் வந்த அதே 1914இல்தான் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். டிராமில் ஏறிப் போய், இருட்டு அறையில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, அசையும் படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதாக வந்தது. நகரத்துக்காரனின் மாலைப் பொழுதையே அது மாற்றியது. எந்தத் தலைப்புச் செய்தி அதைச் சொன்னது? 'இன்று முதல்' என்று தொடங்கும் சின்னக் கட்டம் சொன்னது, காட்சி நேரத்தையும் கட்டணத்தையும் சேர்த்து.

கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதி வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று வகுப்பு வகுப்பாக விலை போட்டு, 'ஸ்திரீகளுக்குத் தனி இடம்' என்று அடியில் சேர்த்திருப்பார்கள். அந்த நாலைந்து வரிக்குள் ஒரு சமுதாயமே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பெண்கள் வீட்டுக்கு வெளியே வந்து பொழுதுபோக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் தனியே உட்கார வைத்தால்தான் வீட்டார் அனுப்புவார்கள். மண் தரையில் உட்காருகிறவனின் சில்லறையையும் நம்பித்தான் கொட்டகைக்காரர் தொழில் நடத்துகிறார். விளம்பரங்களில் வசதியானவர்கள்தாம் தெரிவார்கள், ஏழைகள் தெரிய மாட்டார்கள் என்று எதிரணி அம்மையார் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளி தலைப்புச் செய்தியில் எப்போது வந்தார்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோதும், 1921இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோதும் வந்தார். சங்கம், கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு என்றால்தான் அவருக்குத் தலைப்பில் இடம். வேலை முடிந்து, கை கழுவி, இரவு ஆட்டத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்த மனிதராக அவரைத் தேடினால் 'தரை' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் கிடைப்பார். தொழிலாளி என்றால் போராட்டம் மட்டும்தானா? அவருக்கும் ஒரு சனிக்கிழமை இரவு இருந்திருக்காதா?

அடுத்து, என் தரப்புக்கு மிக வலுவான சான்று என்று நான் நம்புவதைச் சொல்கிறேன். 1944 தீபாவளிக்கு எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியானது. சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குப் பிறகு 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இவை அத்தனையும் தலைப்புச் செய்திகள். அவற்றை மட்டும் படிக்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? ஊர் பாகவதரைக் கைவிட்டது, அவருடைய புகழ் 1944 டிசம்பரோடு முடிந்தது என்றே எழுதுவார். அதே காலத்துச் சினிமா விளம்பரங்களைப் பாருங்கள். பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருக்கிறது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளி கண்ட படம் அது. பாடியவர் சிறையில் இருக்க, ஊர் டிக்கெட் வாங்கி அவருடைய பாட்டைக் கேட்டது. சென்னை மக்களின் மனம் அந்த நாட்களில் எங்கே இருந்தது என்பதை நீதிமன்றச் செய்தி சொல்லவில்லை நடுவர் அவர்களே, காட்சி நேரம் போட்ட கட்டம் சொன்னது.

விளம்பரம் பொய் சொல்லும் என்ற வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. சொல்லும்தான். ஒரே புட்டியில் எல்லா நோயும் தீரும் என்று சொன்ன லேகிய விளம்பரங்களை நான் நம்பச் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்கிறவன் எதிரில் இருப்பவரின் ஆசையை அறிந்துதான் சொல்கிறான். கூந்தல் வளர, ஞாபகசக்தி பெருக, குழந்தையின் வயிற்றுவலி நீங்க, தலைவலி பறக்க என்று வரிசையாகப் படித்தால், அந்தக் காலத்து வீட்டுக்குள் எதற்கெல்லாம் கவலைப்பட்டார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கிறது. இன்னொன்றையும் எதிரணி மறக்கக் கூடாது. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கினார். அந்த வருமானம் கொடுத்த தெம்பில் 1908இல் 'ஆந்திர பத்திரிகா' வார இதழைத் தொடங்கி, 1914இல் சென்னையிலிருந்து அதை நாளிதழாக்கினார். தலைவலித் தைலம் விற்ற காசில் ஒரு செய்தித்தாளே நடந்திருக்கிறது!

வாசகர் கடிதங்களுக்கு வருகிறேன். 1932 கடைசியில் 'தி இந்து', 'மெட்ராஸ் மெயில்' பக்கங்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயரும் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்தைப் பற்றிக் கடிதங்களில் மோதிக்கொண்டார்கள். தேவதாசி முறையோடு அந்த ஆட்டமும் ஒழிய வேண்டும் என்றார் அவர். கலையைக் காப்பாற்றியாக வேண்டும் என்றார் இவர். ஊரே படித்தது, ஊரே கட்சி கட்டியது. 1933 புத்தாண்டு நாளில் மியூசிக் அகாதெமி மேடையில் கல்யாணி என்ற சதிர்க் கலைஞரின் மகள்கள் அந்த ஆட்டத்தை ஆடினார்கள். இன்று மார்கழியில் சபா சபாவாக நடக்கும் பரதநாட்டியத்தின் தலையெழுத்து கடிதப் பத்தியிலும் எழுதப்பட்டது. அந்த விவாதத்தில், ஆடி வாழ்ந்த பெண்களின் சொந்தக் குரல் மிகக் குறைவாகவே கேட்டது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் அந்தக் குறை தெரிவதற்கும் அதே பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

ரேடியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்வலர்கள் 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் தானே ஒலிபரப்பைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. ரேடியோப் பெட்டி வாங்க முடியாதவரும் மாலையில் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார். 1938இல் அகில இந்திய வானொலி வந்த பிறகு நிகழ்ச்சி நிரல் நாளிதழின் அன்றாடப் பகுதியாயிற்று. எந்த நேரத்தில் ஊர் எதைக் கேட்டது என்று மணி வாரியாகச் சொல்ல வேறு எந்தச் செய்தியால் முடியும்?

நேரம் குறைவு என்று நடுவர் சைகை காட்டுகிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று ஜார்ஜ் டவுனில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. எச். எம். ரெட்டி இயக்கம், டி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று உலகில் இல்லை. எந்த நாளில், எந்தக் கொட்டகையில், யார் நடித்து வந்தது என்று நாம் இன்று பேச முடிகிறது என்றால், 'சுதேசமித்திரன்' போன்ற இதழ்கள் அதற்கு ஒதுக்கிய பத்திகளும் பாட்டுப் புத்தகமும் பிழைத்ததால்தான். படம் போய்விட்டது, அறிவிப்பு இருக்கிறது.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா இதை வாழ்நாள் முழுவதும் அறிந்திருந்தார். நூல்களோடு நாடக நோட்டீஸையும் திருமண அழைப்பிதழையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, எனக்கு வெற்றியைவிட முக்கியமான வேண்டுகோள் ஒன்று உண்டு. பழைய நாளிதழ்களிலிருந்து செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டிவிட்டு மிச்சத்தைக் கடைக்குப் போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இனி எந்த நூலகம் படியெடுத்தாலும், விளம்பரத்தோடும் வரி விளம்பரத்தோடும் முழுப் பக்கமாகவே படியெடுக்க வேண்டும் என்று உங்கள் தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.