சட்டத்தில் ஒரு பிரிவு

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்து நிறுவனங்கள் அரசியலுக்குத் தரும் பணம் என்றதும் தேர்தல் நன்கொடைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், நன்கொடைக் கணக்கில் ஏறாத செல்வாக்கும் உண்டு என்பதற்கு அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு மெடிகேர் சட்டம் சான்று.

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீடு. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளையும் அதன்கீழ்க் கொண்டுவந்த அச்சட்டம், மருந்து உற்பத்தியாளர்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான விலைப் பேச்சில் அரசு தலையிடக் கூடாது என்று ஒரு பிரிவில் விதித்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருந்துகளைப் பேரம் பேசியே வாங்கிவந்த அதே அரசு, அதைவிடப் பெரிய இத்திட்டத்தில் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாய்திறவாமல் இருக்க வேண்டியதாயிற்று.

பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நவம்பர் 22 அன்று அதிகாலை 3 மணியளவில் தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடங்களில் முடிவதை ஏறத்தாழ 3 மணி நேரம் நீட்டி, தயங்கிய உறுப்பினர்களை வளைத்துப் பிடித்த பிறகே, 220க்கு 215 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது.

அம்மசோதாவை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த குழுத் தலைவர் பில்லி டோசன், 2005 தொடக்கத்தில் பதவிக்காலம் முடிந்ததுமே மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலர் அளவில் என்று அப்போது செய்திகள் வந்தன. தம்மைப் புற்றுநோயிலிருந்து காத்தது ஒரு புதிய மருந்தே என்று அவர் சொன்னதை நான் ஐயுறவில்லை. ஆயினும் நன்கொடையைவிட, நாளை கிடைக்கக்கூடிய நாற்காலியே சட்டமியற்றுவோரைக் கூடுதலாக இளக்கும் என்பது என் கருத்து. அதைப் பதிந்துவைக்கும் கணக்கேடும் இல்லை.

இதே டோசனைத் தம் 2008 தேர்தல் விளம்பரமொன்றில் கண்டித்த ஒபாமா, மறு ஆண்டே தம் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்காக அவரது சங்கத்துடன் உடன்பாடு காண நேர்ந்தது. பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்கச் சங்கம் இசைந்தது. அரசின் விலைப்பேரம் பேச்சிலிருந்தே விலகிப்போனது.

பேரம் பேசும் அதிகாரத்தை அரசுக்கு அளித்த சட்டம் 2022இல்தான் வந்தது. அதன்படி முதல் 10 மருந்துகளின் குறைந்த விலை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்றும், புதிய மாத்திரைகள் சந்தைக்கு வந்த ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்குப் பிறகே பேர விலைக்கு உட்படும் என்றும் அச்சட்டமே வரையறுத்தது.