வாசலில் தேர் வந்த நேரம்

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். வீட்டுக் கணினி சின்னப் பிள்ளைகளின் நலனுக்குத் துணையா, இடைஞ்சலா? இடைஞ்சல்தான்!

முன்னால் பேசிய தம்பி சொன்னார்: "கணினியைத் திறக்கத் தெரியாதவர்கள்தான் அதைக் குறை சொல்கிறார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, பினாங்கில் நின்றுகொண்டா இதைச் சொல்வது? 1972-லிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைகளில், கணினிக்குள் போகும் சில்லுகளை நைட் ஷிப்ட் பார்த்துச் செய்தவர்களில் நம் அம்மாக்கள் இல்லையா? அக்காக்கள் இல்லையா? அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறேன்.

"2020-இல் ஊரே அடைந்து கிடந்தபோது படிக்க வைத்தது கணினிதானே?" என்றும் கேட்டார். சரி. அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருந்தார் தம்பி! நான் சொல்வது, திரைக்கு முன் தனியாக உட்கார வைக்கப்பட்ட நாலு வயதுப் பிள்ளையை.

தெரிந்த குடும்பம் ஒன்று. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் வீடு. தேருக்கு முன் உடைக்கத் தெருவெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கிறது. மேளம் கேட்கிறது. பேரன் உள்ளே, கணினியில் அதே தேரை நேரலையில் பார்க்கிறான்! பாட்டி கூப்பிடுகிறார்: "ஐயா, தேர் வந்துருச்சு, ஓடி வா!" அவன் சொல்கிறான்: "இன்னும் வரல பாட்டி." "வாசல்ல நிக்குதுடா!" "இதுல வரல பாட்டி!" நேரலை கொஞ்சம் பிந்தித்தானே வரும்? தேங்காய் உடைகிற சத்தத்தில் வீடே அதிர்கிறது. பிள்ளை அசையவில்லை. கடைசியில் திரையில் அவன் வீட்டு வாசல் தெரிகிறது, பாட்டி தெரிகிறார். "பாட்டி, தேர் வந்துருச்சு!" என்று ஓடி வருகிறான். முருகன் அடுத்த வீட்டைத் தாண்டிவிட்டார்!

சிரிக்கிறீர்கள். பாட்டி சிரிக்கவில்லை ஐயா.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-லேயே சொன்னது: 2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. 3, 4 வயதில் 3 மணி நேரம் ஓடியாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பதே குறைகிறது. இது போதும்.

தாய்மார்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து கால் கடுக்க வருகிறீர்கள். "அம்மா!" என்று ஓடி வர வேண்டிய பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அந்த வலியை எந்த எதிரணி ஆற்றும்? இன்றிரவு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது உளறட்டும், கேளுங்கள். அப்பாக்களே, நீங்களும்தான். கைப்பேசியை வைத்துவிட்டு வாருங்கள்!